ட்ரிம் போட்டும் மேட்ச் ஆகவில்லையா?

பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்தும் எக்செல் ஷீட்களில் இருந்தும் டேட்டாவை எடுத்துப் புதிய சிஸ்டத்தில் ஏற்றிக் கொடுப்பது என் வேலையின் பெரும்பகுதி. மொத்த வியாபாரக் கடைகள், ஏஜென்சிகள், சின்னக் கம்பெனிகள்தான் பெரும்பாலும் வருவார்கள். இந்த வேலையில் நேரத்தை அதிகம் தின்பது ஸ்பேஸ். பெயருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் இரண்டு. நம் கண்ணுக்கு அது வெறும் இடம். கம்ப்யூட்டருக்கு 'க', 'ங' போல அதுவும் ஓர் எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு என்ற பொது அட்டவணையில் ஓர் எண் உண்டு.

பிரச்சினை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தலைகாட்டும். பார்ட்டி பட்டியல் ஒரு ஷீட்டில், விற்பனை இன்னொரு ஷீட்டில். பெயரைத் தேடி இன்னொரு ஷீட்டில் இருந்து விவரத்தைக் கொண்டுவரும் விலுக்அப் ஃபங்ஷனைப் போட்டால் பாதி வரும், மீதிக்குப் பிழை காட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர், "ட்ரிம் எல்லாம் போட்டாச்சு சார், அப்பவும் வரல" என்பார். உண்மையிலேயே போட்டிருப்பார். தேவையில்லாத ஸ்பேஸை வெட்டும் ஃபங்ஷன்தான் ட்ரிம். ஆனால் எக்செல்லின் ட்ரிம், 32 என்ற எண் கொண்ட சாதாரண ஸ்பேஸை மட்டும்தான் தொடும். வெப் பக்கத்தில் இருந்து நகலெடுத்த டேபிளில் ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் 160. வரி முடிவில் இரண்டு சொற்கள் பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பதற்காக உண்டான ஸ்பேஸ் அது. திரையில் இரண்டுக்கும் ஒரே தோற்றம். அச்சில் வராத எழுத்துகளை நீக்கும் கிளீன் ஃபங்ஷனாவது உதவுமா என்றால், அது 0 முதல் 31 வரை மட்டுமே பார்க்கும். ஆக, சப்ஸ்டிட்யூட் போட்டு 160-ஐ 32 ஆக மாற்றி, அதன் மேல் ட்ரிம் போட வேண்டும். அந்த 160-ஐ ஃபார்முலாவில் கொடுக்க யூனிகேர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எக்செல் 2013-ல் இருந்து கிடைக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே விடை தரும் என்பதால் நான் அதைத்தான் எழுதுவேன்.

பெயர் மேட்ச் ஆகவில்லை என்றால் பிழையாவது கண்ணில் படுகிறது. தொகை நெடுவரிசையில் 160 புகுந்தால் அதுவும் படாது. 12,500-க்குப் பின்னால் ஒரு 160 ஒட்டியிருந்தால் எக்செல் அந்த செல்லை எண்ணாகப் பார்க்காது, வெறும் எழுத்தாகப் பார்க்கும். கூட்டுத்தொகை போடும் சம் ஃபங்ஷன் எழுத்து இருக்கும் செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பிழை வராது, எச்சரிக்கை வராது. மொத்தம் மட்டும் குறைவாக இருக்கும். எந்த ஷீட் கைக்கு வந்தாலும் நான் தொகை நெடுவரிசையின் அகலத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எண்கள் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடது பக்கம். யாராவது கையால் வலதுபுறம் தள்ளி வைத்திருந்தால் இந்தக் குறிப்பும் கிடைக்காது. அப்போது எண்ணாக இருக்கும் செல்கள் எத்தனை, காலியில்லாத செல்கள் எத்தனை என்று இரண்டையும் எண்ணி ஒப்பிட வேண்டியதுதான்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஃபைல் வந்ததும் முதல் வேலையாக எல்லா நெடுவரிசைக்கும் ஒரே ட்ரிம் போட்டுவிடுவார்கள். கைப்பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

பார்ப்பது என்றால் ஸ்க்ரோல் செய்து பார்ப்பதைச் சொல்லவில்லை. பைத்தானில் நாலைந்து வரியில் முடியும் வேலை: ஒரு நெடுவரிசையில் உள்ள எல்லா மதிப்புகளையும் ஒட்டி, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கவுண்டரில் போட்டு எண்ணி, எழுத்தின் யூனிகோடு எண்ணையும் பெயரையும் பக்கத்தில் அச்சடிப்பது. யூனிகோடுடேட்டா என்ற மாட்யூல் அந்தப் பெயரைக் கொடுத்துவிடும். பட்டியலின் மேல்பகுதியில் எதிர்பார்த்த எழுத்துகள்தான் இருக்கும். விஷயம் கடைசி வரிகளில். 9 இருந்தால் யாரோ டேப் அடித்திருக்கிறார்கள். 10 இருந்தால் செல்லுக்குள் ஆல்ட், என்டர் தட்டி வரி மாற்றியிருக்கிறார்கள். 160 இருந்தால் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியது. 8203 இருந்தால் அகலமே இல்லாத ஸ்பேஸ். திரையில் இடம்கூட விடாது.

இரண்டாவதாக 'உருவம்' எடுப்பேன். எந்த எண் வந்தாலும் 9, எந்த எழுத்து வந்தாலும் அ, மற்றதை அப்படியே விட்டு, ஒரே உருவம் கொண்டவற்றைக் கூட்டி எண்ணுவது. பின்கோடு நெடுவரிசைக்கு இதைச் செய்தால் வருவது இப்படி இருக்கும்: [999999] என்று பெரும்பாலானவை, [999 999] என்று கொஞ்சம், [999999 ] என்று பின்னால் ஒரு ஸ்பேஸுடன் கொஞ்சம், [அஅஅஅஅ-99] என்று ஊர் பெயரோடு சில, [ ] என்று வெறும் ஸ்பேஸ் மட்டும் இருப்பவை சில. இந்தச் சதுர அடைப்புக்குறிகளை நானே போடுகிறேன். ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, எங்கே அச்சடித்தாலும் இரண்டு பக்கமும் குறி போட்டே அச்சடிப்பேன். பின்னால் தொங்கும் ஸ்பேஸ் அப்படித்தான் கண்ணில் படும். பைத்தானில் ஆஸ்கி ஃபங்ஷனைக் கொண்டு அச்சடித்தால் சாதாரண ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, 32 ஸ்பேஸ் தவிர எல்லாமே குறியீடாகத் தெரியும். தமிழ் டேட்டாவில் எல்லா எழுத்துமே குறியீடாகிவிடும் என்பதால் அங்கே எண்ணிப் பார்க்கும் வழிதான் சரி.

எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் காலத்து டிபிஎஃப் ஃபைல்களில் எழுத்து நெடுவரிசைக்கு அகலம் நிலையானது. 40 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, பெயர் 12 எழுத்து என்றால் மீதி 28-ம் ஸ்பேஸால் நிரப்பப்படும். அந்த ஃபைலை எழுத்து எழுத்தாக அப்படியே எடுத்தால் எல்லாப் பெயருக்கும் நீண்ட வால் இருக்கும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம், ஆபத்தில்லை. விண்டோஸில் சேமித்த சிஎஸ்வியில் (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் ஃபைல்) வரி முடிவுக்கு 13, 10 என்று இரண்டு எழுத்துகள். லினக்ஸ் சர்வரில் யாரோ கையால் எழுதிய ஸ்கிரிப்ட் 10-ஐ மட்டும் வைத்து வரியைப் பிரித்தால், ஒவ்வொரு வரியின் கடைசி நெடுவரிசையிலும் 13 மிஞ்சும். கடைசி நெடுவரிசை மட்டும் மேட்ச் ஆகாமல் அடம்பிடித்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

கடைசி நெடுவரிசைக்கு 13 என்றால், முதல் நெடுவரிசைக்கு 65279. எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் சேரும். படிக்கும் புரோகிராம் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்றால், முதல் தலைப்பின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத அந்த 65279 ஒட்டிக்கொள்ளும். 'கோடு' என்ற நெடுவரிசையே இல்லை என்று புரோகிராம் சொல்லும்; திறந்து பார்த்தால் முதல் நெடுவரிசையே அதுதான். எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறைக்குப் பெயர் என்கோடிங். பைத்தானில் என்கோடிங் பெயரை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்துத் திறந்தால் இது தீர்ந்தது. தலைப்பு வரிசையையும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. 'தொகை ' என்று பின்னால் ஸ்பேஸ் வைத்த தலைப்பு, டேட்டாவில் உள்ள ஸ்பேஸைவிட அதிகம் கடுப்பேற்றும்.

மொபைல் எண்களில் வேறொரு கூட்டம் இருக்கும். போனின் கான்டாக்ட் பக்கத்தில் இருந்து நகலெடுத்த எண்களில் சில சமயம் முன்னால் 8234, பின்னால் 8236 என்று இரண்டு எழுத்துகள் வரும். அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளோடு கலக்கும்போது எண்களின் திசை மாறாமல் இருக்கப் போடும் குறிகள் அவை. இவை ஸ்பேஸ் வகையிலேயே சேராதவை என்பதால் எந்த ட்ரிம்மும் தொடாது. 10 இலக்க எண்ணின் நீளம் 12 என்று வந்து, திரையில் 10 இலக்கமே தெரிந்தால் இதைப் பாருங்கள்.

'எந்த ட்ரிம்மும்' என்று சொன்னேன். ட்ரிம் என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு வேலை செய்கிறது. பைத்தானின் ஸ்ட்ரிப், 160 உட்பட யூனிகோடு ஸ்பேஸ் என்று வகைப்படுத்திய எல்லாவற்றையும் ஓரங்களில் இருந்து எடுத்துவிடும். 8203-ஐயும் 65279-ஐயும் விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ட்ரிம் 160-ஐயும் 65279-ஐயும் எடுக்கும், 8203-ஐ எடுக்காது. ஜாவாவில் பழைய ட்ரிம், 32-ஐயும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் நீக்கும். 2018-ல் ஜாவா 11-ல் யூனிகோடு தெரிந்த ஸ்ட்ரிப் வந்தது. அதுவாவது 160-ஐ எடுக்குமா என்றால், எடுக்காது. பிரியாத ஸ்பேஸ்களை ஜாவா ஸ்பேஸ் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிஎச்பியின் ட்ரிம் 32, 9, 10, 13, 0, 11 ஆகிய ஆறை மட்டும் நீக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ட்ரிம்முக்கு வேறெதுவும் சொல்லாவிட்டால் 32 மட்டும்தான். டேப்கூட அப்படியே இருக்கும். அதனால் வெப் ஃபார்மில் ஜாவாஸ்கிரிப்ட் சுத்தம் செய்து அனுப்பிய மதிப்பும், இரவில் எஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட் சுத்தம் செய்து ஏற்றிய மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. எந்த எழுத்துகளை நீக்க வேண்டும் என்ற பட்டியலை நாமே எழுதி, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துவதுதான் என் வழக்கம்.

டேட்டாபேஸ்களும் சும்மா இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பின்னால் உள்ள ஸ்பேஸ் கணக்கில் வராது. 'முருகன்' என்பதும் 'முருகன் ' என்பதும் சமம். நீளம் பார்க்கும் லென் ஃபங்ஷனும் பின் ஸ்பேஸை எண்ணாது, டேட்டாலெங்த் போட்டால்தான் உண்மை தெரியும். அதே இரண்டு மதிப்புகளை டெக்ஸ்ட் நெடுவரிசையில் வைத்து போஸ்ட்கிரஸில் ஒப்பிட்டால் வெவ்வேறு. மைஎஸ்க்யூஎல்லில் பழைய கொலேஷன்கள் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) பின் ஸ்பேஸைக் கண்டுகொள்ளாது, 8.0-ல் இயல்பாக வரும் கொலேஷன் கண்டுகொள்ளும். ஒரு டேட்டாபேஸில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ரிப்போர்ட், இன்னொன்றுக்கு மாற்றிய மறுநாள் வரிகளை விட்டுவிட ஆரம்பித்தால் காரணம் பல நேரம் இதுதான்.

சரி, எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று, இனி நீக்கிவிடலாம் என்றால், இன்னொரு படி இருக்கிறது. நீக்கினால் எந்த எந்த வரிகள் ஒன்றாகிவிடும் என்று பார்ப்பது.

ஒரு மளிகை மொத்த வியாபாரியின் பார்ட்டி பட்டியலில் முருகன் ஸ்டோர்ஸ் இரண்டு இருந்தது. ஒன்றில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு ஸ்பேஸ், இன்னொன்றில் இரண்டு. ஊரும் ஒன்றே. எந்த சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட்டும் இதை டூப்ளிகேட் என்றுதான் சொல்லும். ஆனால் ஜிஎஸ்டி எண்கள் வேறு. கணக்கு எழுதும் அக்காவிடம் கேட்டேன்.

"அது ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. ஒண்ணு அப்பா கடை, இன்னொண்ணு மகன் பிரிஞ்சு போய்ப் போட்ட கடை. ரெண்டு பேரும் அதே பேருதான் வெச்சிருக்காங்க. அந்த சாஃப்ட்வேர் ஒரே பேரை ரெண்டு தடவை ஏத்துக்காது. அதான் நடுவுல ஒரு ஸ்பேஸ் சேர்த்துப் போட்டேன்."

"பில் போடும்போது எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"லிஸ்ட்ல மேல வர்றது மகன் கடை."

அது சரியும்கூட. ஸ்பேஸின் எண் எழுத்துகளின் எண்ணைவிடச் சிறியது என்பதால் இரண்டு ஸ்பேஸ் வைத்த பெயர் அந்த மென்பொருளின் வரிசையில் முதலில் வரும். அக்காவுக்கு எண் எல்லாம் தெரியாது, வரிசை தெரியும். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைப்பது, முன்னால் ஒரு ஸ்பேஸ் வைத்து அடிக்கடி வரும் பார்ட்டியைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவருவது என்று இந்த மாதிரிக் கைவேலைகள் நிறையக் கடைகளில் உண்டு. சாஃப்ட்வேர் இடம் கொடுக்காத தகவலை ஸ்பேஸில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாம் போய் ஒரே வரியில் அதைத் துடைத்துவிட்டால் அப்பாவின் பாக்கியும் மகனின் பாக்கியும் ஒரே லெட்ஜரில் விழுந்துவிடும். அதை அப்புறம் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை, குடும்பத்துக்குள்ளும் நல்லதில்லை.

ஆகவே என் ஸ்கிரிப்ட் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பட்டியல் போடும்: சுத்தம் செய்த பிறகு ஒரே பெயராகிவிடும் ஜோடிகள். பக்கத்தில் ஜிஎஸ்டி எண், மொபைல், நிலுவைத் தொகை, கடைசி பில் தேதி. ஜிஎஸ்டி எண் ஒன்றாகவே இருந்தால் பெரும்பாலும் உண்மையான டூப்ளிகேட், நிலுவையைச் சேர்க்கலாம். வேறாக இருந்தால் தனித்தனி பார்ட்டி. இரண்டிலும் எண்ணே இல்லாவிட்டால் கணக்கரிடம் கேட்காமல் தொடுவதில்லை. இந்தப் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்து, டிக் போட்டு வாங்குவது மின்னஞ்சலில் அனுப்புவதைவிட வேகமாக நடக்கிறது. ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் ஒரு நடுப்புள்ளி வைத்து அச்சடித்தால் அவர்களுக்கே எது எது என்று புரிந்துவிடும்.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விதி வேறு. நம் ஊர் டேட்டாவில் ஒரு வசதி, நீளம் நிலையான எண்கள் நிறைய உண்டு. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த 10 அந்த நிறுவனத்தின் பான். வங்கியின் ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். பின்கோடு 6. இந்த நெடுவரிசைகளில் உள்ளேயோ ஓரத்திலோ எந்த ஸ்பேஸுக்கும் வேலை இல்லை. எல்லாவற்றையும் நீக்கி, பெரிய எழுத்தாக்கி, நீளம் பார்க்கலாம். ஜிஎஸ்டி எண்ணுக்குள் இருக்கும் பானையும் தனியாக இருக்கும் பான் நெடுவரிசையையும் ஒப்பிட்டால் தட்டச்சுப் பிழைகளும் மாட்டும். ஐஎஃப்எஸ்சியின் ஐந்தாம் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தை அடித்திருப்பதும் அப்படித்தான் பிடிபடும். அது ஸ்பேஸ் பிரச்சினை இல்லைதான், ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிடுவது லாபம். இந்த நெடுவரிசைகள் எல்லாவற்றையும் எழுத்தாகவே படியுங்கள். தானாக எண்ணாக மாற விட்டால், பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணின் பூஜ்யம் காணாமல் போகும்.

பெயருக்கு ஓரங்களை வெட்டலாம், நடுவில் தொடர்ச்சியாக உள்ளவற்றை ஒன்றாக்கலாம். பைத்தானில் ஸ்ப்ளிட் செய்து ஒற்றை ஸ்பேஸால் ஜாயின் செய்தால் இரண்டும் ஒரே அடியில் முடியும். இனிஷியலில் கை வைக்க வேண்டாம். 'ஆர். குமார்', 'ஆர்.குமார்', 'ஆர் குமார்' மூன்றும் ஒருவரா என்று கண்டுபிடிக்க, ஸ்பேஸும் புள்ளியும் எல்லாம் எடுத்த 'ஒப்பீட்டுப் பெயர்' என்று தனி நெடுவரிசை வைத்துக்கொள்வேன். பில்லில் அச்சாகும் பெயர் அவர் எழுதியபடியே இருக்கும். தன் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதில் கடைக்காரர்கள் கறாரானவர்கள்.

முகவரியில் செல்லுக்குள் இருக்கும் வரி மாற்றம் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது: கதவு எண் ஒரு வரி, தெரு ஒரு வரி, ஊர் ஒரு வரி. அதை வெறும் ஸ்பேஸாக்கினால் லாரி ஷெட் ரசீதில் முகவரி ஒரே நீள வரியாக ஓடும். நான் காற்புள்ளியாக மாற்றுவேன், அல்லது மூன்று நெடுவரிசைகளாகப் பிரிப்பேன். பொருள் குறியீடுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. 'கே 12'-ம் 'கே12'-ம் இரண்டு வெவ்வேறு அளவு டப்பாவாக இருக்க வாய்ப்புண்டு. கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் ட்ரிம் செய்யக் கூடாது. வெறும் ஸ்பேஸ் மட்டும் உள்ள செல்லைக் காலியாக மாற்ற மறக்க வேண்டாம். இல்லையென்றால் 'மின்னஞ்சல் இல்லாதவர்கள்' பட்டியலில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

நேரம், தேதி பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் வந்த சிஎல்டிஆர் 42-ல் இருந்து, அமெரிக்க ஆங்கிலத்தில் நேரத்தை எழுதும்போது மணிக்கும் ஏஎம், பிஎம் என்பதற்கும் நடுவில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதில் 8239 என்ற ஒடுக்கமான ஸ்பேஸ் வந்தது. மொழி, நாடு வாரியான எழுதும் முறைகளை யூனிகோடு அமைப்பு தொகுத்துத் தரும் தரவுதான் சிஎல்டிஆர். 2023-ல் வெளிவந்த ஜாவா 20-ம், ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் 20-ம் அந்த மாற்றத்தை எடுத்துக்கொண்டன. அதுவரை சரியாக ஓடிய நேரம் படிக்கும் கோடுகள் பல திடீரென்று பிழை காட்டின. டெஸ்ட்டில் '3:30 பிஎம்' என்பது '3:30 பிஎம்' என்பதற்குச் சமமில்லை என்று வந்தது. யாரும் எதையும் நகலெடுத்து ஒட்டாமலே இப்படியும் ஸ்பேஸ் மாறும்.

இனி தமிழ் டேட்டா. 'தேவையில்லாத எழுத்துகளை நீக்க' என்று எங்கும் கிடைக்கும் ஒரு வரி கோடு உண்டு: எழுத்து, எண், ஸ்பேஸ் தவிர மற்றதை எல்லாம் ரெக்எக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) போட்டு எடுத்துவிடு என்பது. பைத்தானோடு சேர்ந்தே வரும் 'ஆர்இ' என்ற ரெக்எக்ஸ் மாட்யூல் தமிழின் துணையெழுத்துகளையும் புள்ளியையும் எழுத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'தமிழ்' என்ற சொல்லை அதில் போட்டால் 'தமழ' என்று வெளியே வரும். கொம்பும் காலும் சுழியும் எல்லாம் போய்விடும். ஆங்கில டேட்டாவில் சோதித்துவிட்டுத் தமிழ் நெடுவரிசைக்கும் அதையே ஓட்டும் கோடை எங்கே பார்த்தாலும் நிறுத்திவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் நீக்கு என்பதும் ஆபத்துதான். 8203 போனால் போகட்டும். 8204 அப்படியில்லை. க், ஷ இரண்டும் சேர்ந்து க்ஷ ஆகாமல் தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடத்தில் நடுவே வைப்பது அதைத்தான். 8205-ஐ எடுத்தால் சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுதும் கூட்டெழுத்தே உடைந்துவிடும். இலங்கை முகவரிகளும் பெயர்களும் உள்ள பட்டியலில் இதைத் தொடவே கூடாது. குடும்ப எமோஜிகளும் அதே எழுத்தால்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜிஎஸ்டி எண்ணிலும் மொபைல் எண்ணிலும் இவற்றைத் தாராளமாக நீக்குங்கள். தமிழ், சிங்களப் பெயர் நெடுவரிசையில் விட்டுவிடுங்கள்.

பைட் அளவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'அ' என்ற எழுத்து யூடிஎஃப்-8-ல் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். என்கோடிங் பிழை வருகிறதே என்று சிலர் ஃபைலை லத்தீன்-1 என்று (ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுக்கும் பழைய என்கோடிங்) திறந்து, ஒவ்வொரு வரியையும் ஸ்ட்ரிப் செய்து, திரும்ப எழுதிவிடுவார்கள். லத்தீன்-1-ல் 133 என்பது 'அடுத்த வரி' குறி. பைத்தான் அதையும் ஸ்பேஸாகத்தான் எடுத்துக்கொள்ளும். 'கதவு எண் 14-அ' என்று முடியும் மதிப்பில் கடைசி பைட் வெட்டுப்பட்டு, 'அ' இருந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். 'அ'-வில் முடியும் வரிகள் குறைவு என்பதால் எல்லாமே சரியாக இருப்பது போலத் தோன்றும். 14-அ, வகுப்பு 6-அ மட்டும் கெட்டுப் போயிருக்கும். முதலில் சரியான என்கோடிங்கில் திற, அப்புறம்தான் சுத்தம்.

பிடிஎஃப்பில் இருந்து எடுத்த தமிழ் என்றால் சொல்லுக்கு நடுவிலேயே ஸ்பேஸ் புகுந்திருக்கும், 'விற்ப னை' என்கிற மாதிரி. இதற்கு விதி எழுதி முடியாது. வேறு மூலம் கிடைக்குமா என்று கேட்பேன். கிடைக்காவிட்டால் ஆளை வைத்துத் தட்டச்சு செய்வதுதான் மலிவு.

சுத்தம் செய்யும் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு: உள்ளே வரும் வாசலில், ஒரே இடத்தில். ஒவ்வொரு ரிப்போர்ட் க்வெரியிலும் ட்ரிம் எழுதிக்கொண்டிருக்கும் சிஸ்டங்களைப் பார்க்கிறேன். எந்த ரிப்போர்ட்டில் விட்டுப்போனதோ அதில் மட்டும் தொகை மாறும். தவிர, நெடுவரிசை மேல் ஃபங்ஷன் போட்டுத் தேடினால் வேகமாகத் தேட வைத்திருக்கும் அந்த நெடுவரிசையின் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, தேடல் மெதுவாகும். நான் முதலில் எல்லா நெடுவரிசையும் எழுத்தாகவே உள்ள ஒரு தற்காலிக டேபிளில் வந்ததை வந்தபடி ஏற்றுவேன். அங்கிருந்து சுத்தம் செய்து உண்மையான டேபிளுக்கு. மூல மதிப்பு தற்காலிக டேபிளில் அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து "எங்க லிஸ்ட்ல இப்படித்தானே இருந்துச்சு" என்று யாராவது கேட்டால் காட்டலாம். எந்த விதி எத்தனை வரியை மாற்றியது என்று ஒரு லாக் எழுதும். எழுதி முடித்த ஸ்கிரிப்ட்டை அதன் விடையின் மேலேயே இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பேன். இரண்டாம் முறை எல்லா விதிக்கும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் விதிகளின் வரிசை தப்பு: 160-ஐ 32 ஆக்குவதற்கு முன்பே ட்ரிம் போட்டிருப்பது, இது மாதிரி.

ஏற்றி முடித்ததும் டேட்டாபேஸிலேயே காவல் வைக்கிறேன்: பெயரின் ஓரத்தில் ஸ்பேஸ் இருக்கக் கூடாது, தொடர்ந்து இரண்டு கூடாது, ஜிஎஸ்டி எண் இருந்தால் 15 எழுத்து என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது மீறினால் ஏற்காத விதி. ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது என்னும் யூனிக் விதியைப் பெயருக்குப் போடுவதில்லை. அதற்குப் பதில் பார்ட்டி ஃபார்மில் 'அடையாளம்' என்று சின்னதாக ஒரு பெட்டி. பில் போடும் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அது தெரியும், அச்சில் வராது. முருகன் ஸ்டோர்ஸுக்கு அக்கா அதில் 'பெரியவர்', 'தம்பி' என்று போட்டிருக்கிறார். 'அடிக்கடி' என்று ஒரு டிக் பெட்டியும் வைத்தோம். டிக் போட்ட பார்ட்டிகள் பட்டியலின் மேலே வரும். அதற்கப்புறம் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் தட்ட அங்கே யாருக்கும் தேவை வரவில்லை.

வங்கியில் இருந்து மாதாமாதம் இறக்கும் ஸ்டேட்மென்ட்டில் மட்டும் விவரம் நெடுவரிசையில் இன்றைக்கும் 160 வருகிறது. அதை அனுப்புகிறவர்களை மாற்ற முடியாது. அந்த விதி ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது, ஓடுகிறது.